முருகன் அட்டை போட்ட புத்தகம்

எங்க வீட்டுல படம் போட்டா எனக்கு மட்டும் முடிவு தெரியாது. சும்மா பேச்சுக்குச் சொல்லல. என் வீட்டுக்காரரு சதாசிவம் சோபாவுல காலை நீட்டிக்கிட்டு, "புனிதா, தண்ணி கலக்கு"ம்பாரு. தேத்தண்ணி கலக்கிட்டு வந்தா, கதாநாயகி ஆஸ்பத்திரியில கிடப்பா. ஏன் கிடக்குறான்னு கேட்டா, "ச்சு, பேசாம பாருலா." சரின்னு உக்காந்தா, "கொறிக்க ஒண்ணும் இல்லியா?" அவ செத்தாளா பொழச்சாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சின்ன வயசுல செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல நாங்க இருந்தப்பவும் இதே கதிதான். திடல்ல வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவாங்க. விடியுமுன்ன பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் கொடுக்கணும்னு அம்மா பாதியிலேயே என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயிடும்.

அதனாலதான் நான் நாவல் படிக்கிறேன். குடும்பக் கதை, காதல் கதை, எது கிடைச்சாலும். புத்தகம் நான் திரும்பி வர்ற வரைக்கும் விட்ட இடத்துலயே காத்துக்கிட்டு இருக்கும். சோறு வேகுறப்ப கொஞ்சம், துணி மெஷின் சுத்துறப்ப கொஞ்சம். ஆனா அந்த அட்டைப் படம் இருக்கே! எதைப் பாத்தாலும் எவளாச்சும் எவன் நெஞ்சுலயாச்சும் சாய்ஞ்சுக்கிட்டு நிப்பா. வயசுப் பொண்ணு இருக்குற வீட்டுல அதை எப்படிப் போட்டு வைக்கிறது? மக ஷர்மினியோட ஸ்கூல் புத்தகத்துக்கெல்லாம் பழைய காலண்டர் தாள்ல அட்டை போட்ட கை இது. கோயில் காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சேன். வெள்ளைப் பக்கத்தை வெளியே விட்டு மடிச்சிருக்கலாம். எனக்குத்தான் கிறுக்கு. முருகன் அழகா இருக்காரேன்னு படத்தை வெளியே வச்சு மடிச்சுட்டேன். வீட்டுல எல்லாரும் அதைச் சாமிப் பாட்டுப் புத்தகம்னு நினைச்சாங்க. நானும் நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை சித்தியவான்ல இருந்து ஷர்மினியைக் கேட்டு வந்தாங்க. தீபனும் அவங்கம்மா மாரியம்மாவும். புள்ளைங்க ரெண்டும் ஈப்போவுல ஒரே ஆபீஸ், தாங்களா பிடிச்சுக்கிட்டதுதான். பெரியவங்க நாங்க பரிசத்துக்கு ஒரு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. மாரியம்மா அவங்க ஊரு கோயில்ல பஜனை நடத்துறவங்க. ஒரு வார்த்தை ஏடாகூடமாப் போயிடக் கூடாதேன்னு காலைல இருந்தே எனக்கு அதே நினைப்புதான்.

சாப்பாடு முடிஞ்சதும் படம் போட்டாங்க. நான் அடுப்படியில வடை சுட்டுக்கிட்டு இருந்தேன். ஹால்ல திடீர்னு பேச்சு மூச்சில்ல. அப்புறம் சதாசிவம் இருமுற சத்தம். எனக்குப் புரிஞ்சு போச்சு. படத்துல முத்தம் கொடுக்குறாங்க. வழக்கமா ரிமோட்டை அமுக்கி ஓட்டிடுவாரு. எட்டிப் பாத்தேன். அன்னிக்கு ரிமோட்டு மாரியம்மா சேலைக்கு அடியில மாட்டிக்கிச்சு. அதைப் போயி எப்படிக் கேக்குறது? மனுசன் இருமிக்கிட்டே இருந்தாரு. மாரியம்மா முகத்தை இந்தப் பக்கம் திருப்புனாங்க. திருப்புன பக்கம் அலமாரி. அலமாரியில முருகன்.

"நல்ல நாளும் அதுவுமா என்னாத்துக்கு இந்தப் படமெல்லாம்? ஒரு பாட்டுப் பாடிட்டு நாள் பாப்போம்"னு எந்திரிச்சுப் போயி புத்தகத்தை எடுத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாங்க. ஐயோ! கரண்டியைப் போட்டுட்டு, "இப்படிக் கொடுங்க, அது பழசு"ன்னு ஓடுறதுக்குள்ள, "கண்ணாடியை வெளிய நிக்கிற காடியிலயே விட்டுட்டேன், நீங்க படிங்க"ன்னு சதாசிவம் கையில கொடுத்துட்டாங்க.

அவரு தொண்டையைச் செருமிக்கிட்டு, நான் மடிச்சு வச்சிருந்த பக்கத்தைப் பிரிச்சு, தேவாரம் பாடுற மாதிரி இழுத்து ஆரம்பிச்சாரு.

"'வசுமதி, சாப்பிட்டியா? முகமெல்லாம் வாடியிருக்கே. நீ உட்காரு, இன்னிக்கு நான் சமைக்கிறேன்' என்றான் அவன். அவள் கால்களை எடுத்துத் தன் மடிமேல்..."

நிறுத்திட்டாரு. அட்டையைத் திருப்பிப் பாத்தாரு. முருகன் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. மாரியம்மா பட்டுப் பட்டுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

இவரு அதோட மூடி வச்சிருக்கலாம். செய்வாரா? தன் மானத்தைக் காப்பாத்திக்க என் மானத்தை எடுத்துத் தெருவுல விட்டாரு. ஆம்பளைக்கு ஒரு குரலு, பொம்பளைக்குக் கீச்சுன்னு ஒரு குரலு, நடிச்சு நடிச்சுப் படிச்சாரு. "காலைப் பிடிச்சு விடுறானாம்லா! இதுக்கா முருகன் காவலு?" தீபன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "அலாமாக், ஆன்ட்டி! இப்படி ஒரு ஆம்பளை எந்த ஊருல இருக்கான்?"

"எங்கேயும் இல்ல மாப்பிள்ளை!"ன்னாரு இவரு. ரெண்டு பேரும் கை தட்டிக்கிட்டாங்க. ஷர்மினி சிரிக்கல. தீபன் சிரிக்கிறதையே பாத்துக்கிட்டு இருந்தா.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. நான் என்ன திருடினேனா, ஓடிப் போனேனா? ஆனா நிக்க முடியல. மாரியம்மா மெல்ல, "முருகனையாச்சும் கழட்டிடுங்க சம்பந்தி"ன்னாங்க. திட்டியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். "சரிங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள நுழைஞ்சுக்கிட்டேன். வடை அடி கருகிப் போயிருந்துச்சு.

ஹால்ல காலண்டரைப் புரட்டி ஆவணின்னு முடிவு பண்ணிட்டாங்க. "ஷர்மினி, ஆவணி சரிதானே?"ன்னு அவங்கப்பா கேட்டாரு. "தண்ணி குடிச்சிட்டு வாரேன்பா"ன்னு எந்திரிச்சு அவ எங்கிட்ட வந்தா. தண்ணியைத் தொடல.

"அம்மா, அப்பா உங்களை 'சாப்பிட்டியா'ன்னு அப்படிக் கேட்டிருக்காரா? ஒரு தடவையாச்சும்?"

இல்லன்னு சொன்னா இவ வெளிய போயி வேணாம்னு சொல்லிடுவா. புனிதா கண்ட கதையைப் படிச்சதால பொண்ணு கல்யாணம் நின்னு போச்சுன்னு ஊரே பேசும். ஏற்கெனவே பட்டது போதாதா?

"கேக்காமலா?"ன்னேன். "நீ வயித்துல இருந்தப்போ எனக்கு ஒரு நாள் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. வெளிய மழை கொட்டுது, கரண்டு வேற இல்ல. உங்கப்பா மெழுகுவத்தி வெளிச்சத்துல கஞ்சி காய்ச்சி, ஊதி ஊதி ஊட்டிவிட்டாரு. நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, 'நீ தூங்கு, விடியற வரைக்கும் நான் முழிச்சிருக்கேன்'னாரு." சொல்லச் சொல்ல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நம்பிட்டான்னுதான் நினைச்சேன்.

ஷர்மினி கருகின வடையை ஒதுக்கி நல்லதாப் பாத்துத் தட்டுல அடுக்கினா. என்னைக் கிண்டல் பண்ற குரலே இல்ல. அவ்வளவு மெதுவாக் கேட்டா.

"அது எந்தக் கதையிலம்மா?"

நான் எண்ணெய்ச் சட்டியையே பாத்துக்கிட்டு நின்னேன். இல்லடி, நிஜமாத்தான்னு ஒரு வார்த்தை சொல்லணும். வாயி வரல. "என்னாலா பண்றீங்க ரெண்டு பேரும், ஆவணிதானே?"ன்னு ஹால்ல இருந்து மறுபடியும் சத்தம் வந்துச்சு. அவ என் முகத்தைப் பாத்துக்கிட்டே, "இப்போ நாள் குறிக்க வேணாம்பா"ன்னு உரக்கச் சொன்னா. சொல்லிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போனா. நான் அவ முதுகைக் கூட நிமிர்ந்து பாக்கல. பெத்த பொண்ணுகிட்டச் சொல்றதுக்கு, இத்தனை வருஷக் குடித்தனத்துல எனக்குன்னு சொந்தமா ஒண்ணு கூட இல்லாமப் போச்சேன்னு அவ்வளவு வெக்கமா இருந்துச்சு.