துண்டு போட்ட இடம்

என் மனைவி மாலதிக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள். பத்தாவது தேறினால்தான் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட முடியும். "இதான் கடைசி. அப்பறம் பொஸ்தகத்த மூட்ட கட்டிடு" என்று என் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.  ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன் நான், எந்த முகத்தோடு அவளுக்காகப் பேசுவது?

2009இல் அவளுக்குத் தேர்வு மையம் சிதம்பரத்தில். கடலூர் பஸ் ஸ்டாண்டில் அன்று முகூர்த்தக் கூட்டம். மாலதி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசினேன். ஏறிப் பார்த்தால், ஒருவர் அதை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆளே இல்ல, எடம் மட்டும் எதுக்குய்யா?"

"ஆளு வந்துக்கினு இருக்கு சார். நீங்க குந்திட்டா அவ எங்க குந்துவா?"

முணுமுணுத்தபடி நகர்ந்தார். மாலதி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே கணக்கை எடுத்தாள். தொகுமுறை வகுத்தல். எக்ஸையெல்லாம் விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் எண்களை மட்டும் வரிசையாக எழுதி வகுத்து, மீதி கண்டுபிடிக்க வேண்டுமாம். x³ − 7x + 6ஐ x − 2ஆல் வகுக்க, அவள் 1, −7, 6 என்று எழுதினாள். மீதி −4 வந்தது. புத்தகத்தில் 0. அவள் கண் கலங்கிவிட்டது. 

"நடுவுல எக்ஸ் ஸ்கொயர் இல்ல. அதுக்கு ஜீரோ போடணும்னு டியூஷன் சார் கத்துவாரு. எனக்கு மறந்து மறந்து பூடுது. இல்லாததுக்கு எதுக்குங்க எடம்?"

 மடியில் கிடந்த துண்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் அதையே பார்த்தாள்.

"ஏங்க, துண்டு போடலன்னா அந்த ஆளு இங்க குந்தியிருப்பாருல்ல?"

"பின்ன?"

"அதான். ஜீரோ போடலன்னா இந்த மைனஸ் ஏழு வந்து குந்திக்குது!"

1, 0, −7, 6 என்று எழுதினாள். மீதி 0. பரங்கிப்பேட்டை வருவதற்குள் இன்னும் மூன்று கணக்கு போட்டுவிட்டாள்.

தேர்வு முடிந்து வாசலுக்கு வந்தவளிடம், "அந்தக் கணக்கு வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு, அஞ்சு மார்க்கு. ரெண்டு துண்டு போட்டேன்."

ரிசல்ட் வந்த அன்று போய்ப் பார்த்தோம். மதிப்பெண் முப்பத்தேழு. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அந்த ஐந்தைக் கழித்துப் பார்த்தேன், கழித்தல் எனக்கும் வரும். பிரவுசிங் சென்டர் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

 வீட்டில் அம்மா மாலதிக்கு முதலில் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்த மாலதி, என் தோளிலிருந்த துண்டை உருவித் தன் பக்கத்தில் விரித்தாள். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"வந்து குந்துங்க. எடம் புடிச்சி வச்சிருக்கேன்."