அறுபது மடங்குக் கண்ணாடி

தேயிலைத் தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த தொரைக்கு மலை ஏறினால் மூச்சு வாங்கும். அதை ஒப்புக்கொண்டால் கௌரவம் என்னாவது? பங்களா வராந்தாவில் உட்கார்ந்தபடியே எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்காணிக்கத் தூரக்கண்ணாடி வாங்கப் போவதாக அறிவித்துவிட்டார். பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கொழும்புக் கடையொன்று இரண்டு மாடல்களை ஹட்டனுக்கு ரயிலில் அனுப்பியது.

“இது வந்துட்டா மலைக்கு ஒரு கண்டாக்கு எதுக்கு?” என்று தொரை பெரிய கிளாக்கர் கஸ்பரிடம் சொன்னது, அந்த மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு லியனார்டின் காதிலும் விழுந்தது. வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். மனைவி ஐவியை அழைத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது?

கஸ்பர் இரண்டையும் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் புரட்டிப் பார்த்தார். ஒன்று அறுபது மடங்கு பெரிதாக்கும். முன்கண்ணாடி இரண்டு அங்குலம். மற்றது இருபது மடங்குதான். முன்கண்ணாடி மூன்று அங்குலம். அறுபது இருபதைவிடப் பெரிது என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. பெரிய கிளாக்கர் அல்லவா!

லியனார்ட் மாலை மங்கலில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். அறுபதில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம். மூச்சுவிட்டாலே அது ஆடியது. இருபதிலோ அகலமான முன்கண்ணாடி இருந்த வெளிச்சத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. மலை முழுக்கத் தெரிந்தது, கொழுந்து பறிக்கும் காளியாயி வெற்றிலை துப்புவதுகூடத் தெரிந்தது. இதை வாங்கினால் தன் சோற்றில் மண்தான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அறுபதுதாங்க தொரை. இருபதெல்லாம் நுவரெலியாவுல குதிரை ரேஸ் பார்க்கத்தாங்க லாயக்கு” என்றான்.

மறுநாள் காலை வெயிலில் அறுபதை வைத்து ஒரே ஒரு தேயிலைச் செடியைப் பார்த்த தொரை பூரித்துப்போனார். இருபது கொழும்புக்குத் திரும்பியது. லியனார்ட் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். இரண்டு மடையர்களை ஏமாற்றிய மூன்றாவது மடையன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே மலையைப் பனி மூடிக்கொண்டது. பெண்கள் நனைந்துகொண்டே பறித்தார்கள். லியனார்டும் குடையோடு கூடவே நின்றான். மாலையில் தொரை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். என்ன சங்கதியோ என்று பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

“மத்தியானத்துக்கு மேலே மலையிலே ஒரு ஆள் இல்லே. அறுபதிலே நல்லாப் பார்த்தேன். எல்லாத்துக்கும் அரைப்பேர் போடு.”

அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி போய்விடும். எடை போட்ட கொழுந்தெல்லாம் காலையில் பறித்ததென்று தொரை தாமாகவே முடிவுகட்டியிருந்தார். கண்ணாடியில் கோளாறு என்று வாயைத் திறந்தால் இருபது திரும்பி வந்துவிடும்.

“சரிங்க தொரை” என்று தலையாட்டினான் அந்த வெட்கங்கெட்டவன்.

“நில்லு. நீயும் அங்கே இல்லே. நாளைக்கு வேலைக்கு வராதே.”

“ஐயோ, நான் நின்னேங்க தொரை!” லியனார்ட் வாசல் பக்கம் திரும்பினான். “காளியாயி, நீயே சொல்லு, நான் மலையில நின்னேனா இல்லையா?”

காளியாயி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தொரையிடம் சொன்னாள்:

“நாங்களே மலையில இல்லேன்னு கண்டாக்கு ஐயா தலையாட்டிட்டாருங்க. இல்லாதவங்க கண்ணுக்கு ஐயா எப்படிங்க தெரிவாரு?”