சாத்திய கதவுக்குள் மந்திரி

இந்தக் காலத்தில் செஸ் ஆட வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே கை கொடுக்கிறார்கள். கழுத்தறுக்க வந்த இடத்தில் என்ன பல்லிளிப்பு? பூட்டு ரிப்பேர்க்காரருக்கு அது ஆகவே ஆகாது. எதிரே உட்கார்ந்த பல் டாக்டரம்மாவின் விரல் நுனியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு ஆட்டம் தோத்தாலும் இனிமே போட்டி கீட்டின்னு கிளம்பக் கூடாதுப்பா. பிரஷர் ஏத்திக்கிட்டு வர்றீங்க" என்று மகள் வாக்கு வாங்கியிருந்தாள். இதுவரை தோற்கவில்லை. இது கடைசி ஆட்டம்.

படித்தவர்கள் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்று சொல்லும் தற்காப்பு ஆட்டத்தை அவர் கதவைச் சாத்துவது என்பார். சிப்பாய்களை நெருக்கி நிறுத்தினால் எவனும் உள்ளே வர முடியாது. என்ன, சொந்த மந்திரியும் உள்ளேயே மாட்டிக்கொள்வான்.

வெகுநேரம் கழித்து ஒரு சிப்பாயை முன்னே தள்ளினார். மந்திரிக்கு வழி திறந்தது. ஜன்னல் வெயில் பலகைமேல் மெல்ல ஊர்ந்தது. வெள்ளைக் கட்டங்கள் ஈரத் தரைபோல மின்ன, அவர் கண்ணுக்குள் மந்திரி கோணலாக நழுவிப் போனான். பின்னாலேயே அவரும் போனார். பக்கத்து மேஜைக் கடிகாரங்களின் சத்தம் எங்கோ மழை சொட்டுவதுபோல் கேட்டது. காலில் பாரமே இல்லை.

"ஐயா, கடிகாரம்..." என்றாள் டாக்டரம்மா.

கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறாள்! "உங்க ஆட்டத்தைப் பாரும்மா" என்று அதட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, காயை நகர்த்திவிட்டுத் தன் பக்கக் கடிகாரத்தைத் தட்டவே இல்லை. இவ்வளவு நேரமும் ஓடியது அவருடைய நேரம். முழுசாக ஒரு நிமிடம் மிச்சமில்லை. படாரென்று தட்டினார்.

அவள் ஒரு காயை நகர்த்திவிட்டு, "டிரா வச்சுக்கலாமா?" என்றாள்.

"எதுக்கு விட்டுக்குடுக்கறீங்க?"

"விட்டுக்குடுக்கறேனா? உங்களுக்கு நேரம் இல்ல, எனக்கு நிலைமை சரியில்ல. அந்த மந்திரி வெளிய வந்தா நான் காலி."

பலகையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கை நீட்டினார்.

வெளியே மகள் எழுந்து நின்றாள். "தோத்துட்டீங்களா?"

"இல்ல."

"ஜெயிச்சீங்களா?"

"அடுத்த போட்டி எப்பன்னு கேட்டு வை" என்றார் அவர். நடந்துகொண்டே முணுமுணுத்தார்: "நான் காலின்னாளே, பயந்தவ மூஞ்சியா அது?"