எதிர் நாற்காலி

"உட்காருங்க தம்பி" என்று ஜெய்னுலாபுதீன் இரண்டாவது முறையும் சொல்லிவிட்டார். பையன் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, நாற்காலியைத் தொடாமல் ஒரு முழம் தள்ளியே நின்றான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தலையில் எண்ணெய் படிந்திருந்தது. கண் மட்டும் தரையை விட்டு எழவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னான். சரியான பதில்கள்தான், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

அமிர்தலிங்கத்துக்கு அவனைத் தெரியும். அவர் வயலில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் ஐயாவுவின் மகன். மார்க் தாளில் முருகையன் என்று போட்டிருந்தது. பெயரை அன்றைக்குத்தான் அறிந்தார். ஐயாவு பிள்ளையை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டு, பணிவு என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார்.

அவன் போனதும் லத்தீஃபா மேடம் உள்ளே வந்து தாளைப் பார்த்தார். முத்துப்பேட்டைக்காரர், அந்தப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்குத் தலைவர். கடைசி வருஷப் பிள்ளைகளைக் கம்பெனி நேர்காணலுக்குத் தயார் செய்வதை யாரும் சொல்லாமலே தலையில் போட்டுக்கொண்டவர். நிஜ இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு மாதிரி இன்டர்வியூ, அதில் கேள்வி கேட்க ஊர்ப் பெரியவர்கள் என்பது அவருடைய ஏற்பாடு. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் என்று அமிர்தலிங்கத்தையும், மயிலாடுதுறையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீனையும் ஓர் அறையில் உட்கார வைத்திருந்தார்.

"மன்னிக்கணும் ஐயா. இதுக்குப் பத்து போட்டா, நாளைக்குக் கம்பெனியில அந்தப் பிள்ளைக்கு முட்டை போட்டுருவாங்க. உட்காரத் தெரியாதவன் மெஷின் முன்னாடி எப்படி நிப்பான்னு எழுதுவாங்க. எல்லாப் பிள்ளைகளும் இதே தப்பைத்தான் பண்ணுது. படிப்புல குறையில்லை. பெரியவங்க எதிர்ல உட்கார உடம்பு ஒத்துக்க மாட்டேங்குது."

அமிர்தலிங்கம் பேனாவை மூடினார். மரியாதைக்கு மார்க் குறைக்கச் சொல்லும் பள்ளிக்கூடத்தை அவர் இதுவரை கண்டதில்லை. ஜெய்னுலாபுதீன் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க மிராசு. நான் கூப்புட்டா ஒருத்தனும் உட்கார மாட்டான். அவன் உங்களைப் பார்த்துல்ல நிக்கிறான். நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

அதில் நியாயம் இருந்தது. அடுத்து வந்தவர்களிடம் அமிர்தலிங்கமே 'உட்காருங்க' என்று சொன்னார். சிலர் விளிம்பில் தொற்றிக்கொண்டார்கள். ஒரு பெண் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள்.

அவர் வீட்டிலும் அதுதான் வழக்கம். அவர் கூடத்தில் இருந்தால் வேறு யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை. சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் மகன் சூர்யபிரகாஷ் லீவில் வந்தாலும் தூணில் சாய்ந்துதான் நிற்பான். மகள் குந்தவையை அவர் பெரும்பாலும் கதவு நிலையோடு சேர்ந்த ஒரு நிழலாகவும், குனிந்த தலையின் வகிடாகவும்தான் பார்த்திருக்கிறார். அவளும் இதே பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கல்யாணம் வரைக்கும் படிக்கட்டும் என்று சேர்த்ததுதான்.

போன வாரம் அவள் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது. பெண்பிள்ளைகள் நேர்காணலுக்கு வர அப்பா கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும், திங்கட்கிழமை கடைசி நாள். கடிதம் நேராக அவரிடம் வரவில்லை. மனைவி பிரகதாம்பாள் சாப்பாட்டு இலையில் ரசம் ஊற்றும்போது விஷயத்தை மெல்ல இறக்கினாள். "நம்ம வீட்டுப் பொண்ணு சம்பளத்துக்குப் போற அளவுக்கு நெல்லு வத்திப் போகலை" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவிவிட்டார். நாலு தலைமுறையாக வேலை கொடுத்த குடும்பம். வேலை கேட்டு ஒருவர் வாசலில் நின்றதாக ஊர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதற்கப்புறம் அவள் அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. விஷயம் அடங்கிவிட்டது என்றுதான் இருந்தார்.

பதினோரு மணிக்கு லத்தீஃபா மறுபடி வந்தார். கொஞ்சம் தயங்கினார். "அடுத்தது உங்க பொண்ணு. உங்களுக்குச் சங்கடமா இருக்கும், நான் தனியா எடுத்துக்கறேன்னு சொன்னேன். இந்த ரூம்தான் வேணும்னு கேக்குறா. உங்களுக்குச் சரின்னாதான்."

ஜெய்னுலாபுதீன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால், பெற்ற பெண்ணின் பதிலுக்குப் பயந்தவர் என்று இந்த இரும்புக்கடைக்காரர் சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்கே சொல்லிவிடுவார். "வரிசையில வந்தா வரட்டும்" என்றார்.

குந்தவை கதவைத் தட்டினாள். "உள்ளே வரலாமா சார்?" வந்து நின்றாள். "வணக்கம் சார்" என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். நாற்காலிக்கு அருகில் நின்றாள், கையைக் கட்டவில்லை.

அவர் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பதினேழு பேரிடம் சொன்ன சொல்தான். "உட்காரு" என்றுதான் நாக்கு புரண்டது. இவளுக்கு 'ங்க' போட்டு அவர் பேசியதே இல்லை. ஜெய்னுலாபுதீன் உதவிக்கு வருவார் என்று பார்த்தார். மனிதர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ காக்கையைக் கவனித்துக்கொண்டிருந்தார். குந்தவை காத்திருந்தாள். அது பயந்து நிற்கிற நிலை இல்லை. தனக்குரியது வரும் என்று நிற்கிற நிலை.

"உட்காருங்க" என்றார்.

"நன்றி சார்." உட்கார்ந்தாள். விளிம்பில் இல்லை, முதுகு சாய நன்றாக உட்கார்ந்தாள். அப்போதுதான் மகளின் முகம் அவர் முகத்துக்கு நேரே, ஒரே உயரத்தில் வந்தது. இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு சிறு தழும்பு இருந்தது. எப்போது விழுந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. ஆள்காட்டி விரல் நுனியில் லேபில் ஈயம் பற்றவைக்கும்போது சுட்ட கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

தன்னைப் பற்றிச் சொல்லும்படி ஜெய்னுலாபுதீன் கேட்டார். அவள் சொன்னாள். ரேடியோ, டிவி போர்டுகளில் பழுது எங்கே என்று தன்னால் அரைமணியில் கண்டுபிடிக்க முடியும். லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒன்பது மீட்டர்களில் ஏழு மீட்டரை மறுபடி ஓட வைத்தது தான்தான். இரண்டு முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று தெரியும். இங்கிலீஷ் படித்தால் புரியும், பேசும்போது தடுமாறுகிறது, தினமும் பேசிப் பழகுகிறாள். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது கீழ்க்குணம் என்று நினைத்து வந்தவருக்கு, இதில் புகழ்ச்சி எங்கே இருக்கிறது என்று தேடியும் கிடைக்கவில்லை. நல்ல விவசாயி தன் வயலைப் பற்றிச் சொல்வதுபோல, இந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் பள்ளம் என்று உள்ளதைச் சொன்னாள்.

"குடும்பத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேம்மா?" ஜெய்னுலாபுதீன் வேண்டுமென்றேதான் கிளறினார்.

"அவங்க பெரிய மனுஷங்க சார். வேலை அவங்களுக்குக் கேக்கலையே, எனக்குத்தானே கேக்குறேன்."

ஜெய்னுலாபுதீனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அமிர்தலிங்கம் தாளைப் பார்த்தார். அதில் அச்சடித்த கேள்விகள் வரிசையாக இருந்தன. அதில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"ஓசூர் ரொம்ப தூரம். அனுப்ப உங்க வீட்டுல சம்மதமா?"

நாற்காலியின் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. பார்வை மட்டும் விலகவில்லை.

"இல்லை சார். எங்கப்பாகிட்ட நான் இன்னும் கேக்கவே இல்லை. அம்மாவை விட்டுச் சொன்னேன். அது என் தப்பு. பெத்தவர்கிட்ட நேராக் கேக்கத் தெரியாதவ கம்பெனியில போயி என்ன பேசப்போறேன்?"

"கேட்டு, அவரு மாட்டேன்னா?"

"காரணம் கேப்பேன். அண்ணன் கடல் தாண்டிப் போயி வேலை பாக்குறது வீட்டுக்குப் பெருமைன்னா, நான் போறது எப்படிக் குறைச்சல்னு கேப்பேன். அழ மாட்டேன் சார். பட்டினி கிடக்க மாட்டேன். அவரு சொல்ற காரணம் சரியா இருந்தா ஒத்துக்குவேன். அவரு நியாயஸ்தர்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியணும்."



இரண்டு வருஷம் முன்பு, கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்று காய்ந்தபோது, பொதுப்பணித்துறை அதிகாரியின் முன்னால் அவர் நின்றது நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தார். அந்த மனிதர் உட்காரச் சொல்லவில்லை. இவரும், 'ஐயா பார்த்துச் செய்யணும்' என்ற மூன்று சொல்லோடு திரும்பி வந்தார். வீட்டில் வந்து, உரக்கக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். நாலு தலைமுறைப் பெருமை அன்றைக்கு எந்த மூலையில் ஒளிந்துகொண்டது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெண் இங்கே உட்கார்ந்து கேட்டதுபோல அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒரு முறைத் தண்ணீராவது வந்திருக்கும். இந்த முதுகெலும்பு தன்னிடமிருந்து அவளுக்கு வந்ததல்ல, அவளே உண்டாக்கிக்கொண்டது என்று தோன்றியபோது வருத்தமாக இல்லை. இப்படி ஒருத்தி தன் வீட்டில் வளர்ந்ததில் நெஞ்சு நிமிர்ந்தது.

"நீங்க போகலாம்" என்றார். அவள் நன்றி சொல்லி எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

மதியம் எல்லாம் முடிந்து அவர் வண்டியை எடுக்க வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். இப்போது சார் இல்லை. தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"அப்பா, நான் ஓசூருக்குப் போகணும். உங்ககிட்ட நேராக் கேக்குறேன்."

அவர் வண்டிச் சாவியைத் திருப்பவில்லை. நேர்காணலில் வராத ஒரு கேள்விதான் அவருக்கு வந்தது. "அது எந்தத் திக்குல இருக்கு? சேலத்துக்கு அந்தாண்ட நான் போனதில்லை."

குந்தவை ஒரு குச்சியை எடுத்துக் குந்தினாள். புழுதியில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "இது காவிரிப்பா. இது நம்ம ஊரு. இப்படியே மேல போனா கல்லணை, திருச்சி." குச்சி நகர்ந்தது. "இது மேட்டூர்."

அவரும் குனிந்தார். வருஷா வருஷம் ஆனி பிறந்தால் அவர் கண் போய் நிற்கிற இடம் மேட்டூர். எந்த நாளில் அணையைத் திறப்பார்கள், எத்தனை அடி நிற்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். அங்கே அவருடைய ஆறு முடிந்துவிடும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் நினைத்ததில்லை.

குச்சி அங்கே நிற்கவில்லை. மேட்டூரைத் தாண்டி வளைந்து வளைந்து மேலே போனது. "இது ஒகேனக்கல். இதுக்கும் வடக்கே." கோடு அவர் காலுக்கு அருகில் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் செருப்பைத் தூக்கி ஓரடி பின்னால் வைத்து, இடம் விட்டார்.