மெர்வினுக்குக் கழுத்து வந்த கதை

ஸ்வீட்லினைப் பெண் பார்த்துக் கல்யாணம் பேசி முடித்த அன்று, மெர்வின் மாப்பிள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். பொத்தான் போட வரவில்லை. அது போகட்டும். தலை இருந்தது, தோள் இருந்தது, நடுவில் கழுத்தைக் காணோம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். வேலை முடிந்தால் நேரே புரோட்டாக் கடைதான். எண்ணெயில் பொரித்த புரோட்டா, அது மூழ்குமளவு சால்னா, மேலே ஒரு ஆம்லெட். இப்படித் தின்றால் கழுத்து எங்கேயிருந்து வரும்?

அன்றோடு புரோட்டாவுக்கு முழுக்குப் போட்டான். டீக்குச் சீனி கிடையாது. காலையில் அவித்த முட்டையும் சுண்டலும், மதியம் ஒரு கரண்டிச் சோறும் தட்டு நிறையக் கீரையும். நாலு மாதத்தில் தொப்பை போயிற்று, கன்னம் வற்றியது, கழுத்து வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் நின்றது. அவனுக்கு ஒரே குஷி.

ஊர் விடுமா? மெலிந்தவனைக் கண்டால் நம்மாட்களுக்கு ஒரே கேள்விதான்: "என்ன, சுகரா?" அதைக் கேட்டுக் கேட்டு அவன் அம்மா தேவகிருபை பயந்துபோனாள். "எம்புள்ள சோறே எடுக்கமாட்டேங்கான்" என்று போதகரிடம் போய் அழுதாள். நல்ல மனுஷர், மேற்கொண்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில், "சுகவீனமாயிருக்கிற தம்பி மெர்வினுக்காக ஜெபிப்போம்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். சுகவீனமான தம்பி மூன்றாவது பெஞ்சில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜெபம் பரலோகத்துக்குப் போயிற்றோ என்னவோ, ஸ்வீட்லினின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மதிய பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஸ்வீட்லின் போனில் அழுதாள்.

"உங்களுக்கு என்னவோ சீக்காம். சர்ச்சுல கல்யாணத்த அறிவிச்சு ஓலை வாசிக்க வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாவ. நீங்க குண்டா இருந்தப்பவே எனக்குப் பிடிச்சுதான இருந்துச்சு? யாரு உங்கள மெலியச் சொன்னா?"

இவளே இல்லையென்றால் அவன் மெலிந்து யாருக்கு என்ன?

மறுநாள் அவள் அப்பா வேதசிரோமணி, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து இறங்கினார். பால்கோவா கடைக்காரர். தினமும் வாணலியில் பதம் பார்த்துப் பார்த்தே பளபளவென்று ஆன தேகம். சோபாவில் அவர் உட்கார்ந்த பிறகு வேறு ஆளுக்கு இடமில்லை.

"மறைக்காதீய மாப்ள. பொண்ணு குடுக்கவன் கேக்கத்தான செய்வான்? வாங்க, ரத்தத்தப் பாத்திருவோம்."

லேபில் மெர்வினின் விரலைக் குத்தினார்கள். வேதசிரோமணி சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே!

"ஏம்மா, எனக்கும் குத்து. நல்ல ஒடம்புக்கு நம்பரு எம்புட்டுன்னு மாப்ள பாக்கட்டும்."

லேப் பெண் மெஷினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அவருக்கு நார்மல். உங்களுக்குத்தான் நானூத்திப் பத்து. எத்தன வருசமா மாத்திரை போடுறீங்க?"

"மாத்திரையா? மெஷினு ரிப்பேரும்மா!"

வேறு விரலில் குத்தினாள். மெஷின் மனம் மாறவில்லை. அடுத்த அறையிலிருந்த டாக்டர், இனிமேல் இனிப்பை நாக்கிலேயே வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே பெஞ்சில் வேதசிரோமணி வேர்வையில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தார். "கால் ரெண்டும் மரத்துப் போகுது மாப்ள. வயசுன்னு விட்டுட்டேன்." குரல் உடைந்தது. "கடைய என்ன செய்ய? பதம் நாக்குக்குத்தான தெரியும்? இருக்கது ஒத்தப் பொம்பளப்புள்ள. அவளுக்கு இனிப்பக் கண்டாலே ஆகாது."

மெர்வினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நாலு மாதமாகச் சீனியைக் காணாத வாயில், பால்கோவா என்றதும் எச்சில் ஊறியதையும் மறைப்பானேன்?

"என் நாக்கு சும்மாதான் கெடக்கு மாமா. நீங்க ஓலைய வாசிக்கச் சொல்லுங்க, நான் பதம் பாக்க வாரேன்."

வேதசிரோமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைக் கெட்டியாகப் பிடித்தார்.

"விரல்ல தொட்டு வச்சாப் போதும் மாப்ள, என்னைய மாதிரி அள்ளித் திங்காதீய. எம்மவளுக்கு நீங்க ரொம்ப நாள் இருக்கணும்."