கணவாய் வரைந்த ஓடு

எங்கள் பேட்டையில் யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் ஒசாகாவின் தெற்கு மூலையில் கூலிக்காரர்களுக்கு விடுதி நடத்துகிற எனக்கு முப்பது வருஷமாக அதுதான் சட்டம். விடியற்காலையில் கட்டட வேலைக்கு ஆள் ஏற்ற வரும் வேன்காரன்கூடக் கேட்பதில்லை. வருகிறவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே என் பதிவேட்டில் ஏறும். வெல்டர், மொட்டை, அகித்தா ஊரிலிருந்து வந்தால் அகித்தாக்காரர்.

இரண்டாம் மாடி ஏழாம் அறையில் பதினெட்டு வருஷம் இருந்தவர் நோதோக்காரர். பூச்சு வேலையில் அவர் கை பட்ட சுவர் கண்ணாடிதான். அதிகம் பேச மாட்டார். ஒரு குளிர்காலத்தில் நிமோனியா வந்து படுத்தபோது நான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலில் வாய் திறந்துவிட்டது. நோதோ கடற்கரையில் மீன்பிடிப் படகு ஓட்டியவராம். ஒருநாள் குடித்துவிட்டுச் சுக்கான் பிடித்துப் படகைப் பாறையில் ஏற்றிவிட்டார். கூட வந்த பத்தொன்பது வயதுப் பையன் கடலோடு போய்விட்டான். இவர் மட்டும் எங்கோ தள்ளிக் கரையேறியிருக்கிறார். அந்தப் பையனின் தாய் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல் அப்படியே நடையைக் கட்டிவிட்டார். ஊரில் இருவருமே செத்ததாக முடிவு கட்டி, ஒரே கல்லறைக் கல்லில் இரண்டு பெயரையும் வெட்டி வைத்தார்களாம். வீட்டில் ஐந்து வயது மகள்.

“முரோதானி எய்சாகு கடல்ல செத்துட்டான், அக்கா,” என்றார். “அப்படியே இருக்கட்டும். எம்பொண்ணு கடல்ல போனவரோட மகளா வளர்ந்தா தலை நிமிந்து நடப்பா. ஓடிப்போனவன் மகளா வளர்ந்தா முடியாது.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. செரிசாவா டீச்சர் வரும்வரை அந்தப் பெயர் வெளியே வரவில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, ஓவியக்காரி. கலையை வைத்துச் சமூகத்தை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, மூடிக் கிடந்த டோஃபு கடையை வாடகைக்கு எடுத்தாள். களிமண்ணைக் கொட்டி, சந்துச் சுவர் முழுக்க ஓடு பதிக்கப் போகிறோம், எல்லோரும் வாருங்கள் என்றாள். ‘ஆமாம், இதுதான் எங்களுக்குக் குறைச்சல்’ என்று நான்தான் முதலில் நக்கலடித்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த ஆறு மாதம் பேட்டை நன்றாகவே இருந்தது. வேலை கிடைக்காத நாளில் குடித்துவிட்டு நடைபாதையில் விழுந்து கிடந்தவர்கள் அங்கே போய் மண் பிசைந்தார்கள். சூடாகத் தேநீர் கிடைத்தது, யாரும் விரட்டவில்லை. நோதோக்காரர் தன் ஓட்டில் ஒரு கணவாய் மீன் வரைந்தார். பத்துக் காலும் அலையில் ஆடுவது போல அத்தனை உயிரோடு இருந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள், அவர் சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் ஆளாளுக்குப் பெயர் எழுதும் நாள் வந்தது.

“இந்த ஊர் உங்களையெல்லாம் பேர் இல்லாத ஆளா வச்சிருக்கு,” என்றாள் டீச்சர். “அதை நாம உடைக்கணும். ஓட்டுக்கு அடியில உங்க நிஜப் பேரை எழுதுங்க.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு பட்டப்பெயரை எழுதினார்கள், இல்லாத பெயரை எழுதினார்கள். ஒருத்தர் தனக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரன் பெயரையே எழுதிவிட்டார். நோதோக்காரர் எழுதவே இல்லை. டீச்சர் முகம் வாடிப்போனது.

அந்த வாரம்தான் ஓபோன், இறந்தவர்களை நினைக்கும் திருநாள். பூங்காவில் வழக்கம்போலப் பலகை வைத்து, அந்த வருஷம் பேட்டையில் செத்தவர்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள். சாமியார் ஒவ்வொன்றாகப் படித்தார். “வெல்டர்.” மணி. “மொட்டை.” மணி. வெல்டரின் எலும்புச் சாம்பலை வாங்க ஒரு ஜனம் வரவில்லை. மனிதனாகப் பிறந்து இப்படியா போவது, அடுத்தது நோதோக்காரரும் இப்படித்தானே போவார் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் கடைக்குள் யாரும் இல்லாத நேரம். சுடாத ஓடுகள் வரிசையாக இருந்தன. மூங்கில் குச்சியை எடுத்து, கணவாய்க்கு அடியில் முரோதானி எய்சாகு என்று எங்கள் சித்திர எழுத்து நான்கில் நானே கீறிவிட்டேன். எங்கள் சந்துக்குள் வெளியாள் யார் வரப்போகிறான், இத்தனை வருஷம் கழித்து யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

சுவரில் ஓடு ஏறிய அன்று நோதோக்காரர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார்.

“கோணலா இருக்கே, அக்கா,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை தாங்கவில்லை.

அக்டோபரில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ‘பெயரை மீட்டவர்கள்’ என்று போட்டு, எந்த ஓட்டைப் படம் பிடிக்கலாம் என்று டீச்சரைக் கேட்டிருக்கிறார்கள். அவள் கணவாயைக் காட்டியிருக்கிறாள். இருந்ததிலேயே அழகான ஓடு அதுதானே. நாடெங்கும் போகிற பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது.

நவம்பர் முதல் வாரம் மத்தியானம் ஒரு பெண் என் விடுதிக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு, கையில் துணி சுற்றிய பொட்டலம். இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, நோதோவிலிருந்து வருவதாகச் சொன்னாள். சந்தில் யாரிடமோ வழி கேட்டிருக்கிறாள் போல. டீச்சர் கேமராவும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்து, அப்பாவும் பெண்ணும் சேரப்போகிறார்கள் என்று கண் கலங்கி நின்றாள். கேமராவைக் கீழே வை என்று நான் அதட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பெண் உட்காரவில்லை.

“அவர் இங்க இருக்காரான்னு நான் கேக்கல,” என்றாள். “நீங்களும் சொல்லாதீங்க. அந்த ஓட்டை மட்டும் எடுத்துடுங்க. அப்பாவோட படகுல போய் பத்தொம்பது வயசுல ஒருத்தர் செத்தாரே, அவரோட தம்பியத்தான் நான் கட்டியிருக்கேன். எங்க அத்தை மாசாமாசம் அந்தக் கல்லுக்குப் பூ வைக்கிறாங்க. தம்மகனுக்கும் எங்கப்பாவுக்கும் சேத்து. எம்பது வயசு அவங்களுக்கு. அப்பா மட்டும் உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சா, நான் எப்படிம்மா அந்த வீட்ல இருப்பேன்?”

அப்போதுதான் மாடிப்படியைப் பார்த்தேன். திருப்பத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி, இரண்டு கால்கள் அசையாமல் நின்றன. வெறும் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தப் பெண்ணும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். தலை குனிந்துகொண்டாள்.

பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். காய்ந்த கணவாய், ஊர்க் கடைக் காகிதத்தில் மடித்தது.

“நோதோ பக்கத்து ஆளுங்க யாராச்சும் இங்க இருந்தா குடுங்க,” என்று சொல்லி மறுபடி வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழாம் அறை துடைத்து வைத்திருந்தது. படுக்கை மடித்து, அதன்மேல் சாவி. மேசைமேல் இருந்த கணவாயைக் காணோம். சந்துக்கு ஓடினேன். ஓட்டின் அடிப்பாதியை உளியால் எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசியிருந்தார். விளிம்புகூடத் தெரியாத பூச்சு. கணவாயில் ஒரு கால் நுனியும் சிதையவில்லை.

டீச்சர் அழுதாள். அதிலும் குறை சொல்ல முடியாது, நிஜமாகவே அழுதாள். இரண்டே வாரத்தில் அந்தச் சிமெண்டுப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை முளைத்தது. இந்த வெற்றிடம்தான் இந்தப் படைப்பின் இதயம் என்று எழுதியிருந்தது. அடுத்த வருஷம் தோக்கியோவில் அந்தச் சுவருக்கு விருது கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்காக நகராட்சி சந்தில் பெஞ்சு போட்டது, யாரும் படுக்க முடியாதபடி நடுவில் கம்பி வைத்து. அவளைத் திட்ட எனக்கு வாய் வரும். ஆனால் குச்சி பிடித்த கை என்னுடையது. அதை நினைத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

பிப்ரவரியில் வடக்கே ஒரு துறைமுக ஊரிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் போன் செய்தார். கரையோரக் கொட்டகையில் ஒரு கிழவர் பனியில் விறைத்துச் செத்துக் கிடந்தாராம். கழுத்தில் என் விடுதிப் பெயர் போட்ட துண்டு. வருஷப் பிறப்புக்கு நான் எல்லோருக்கும் கொடுப்பது. முன்பல் இரண்டு இல்லையாம்.

“பேரு தெரியுமாம்மா?”

“எங்க பேட்டைல பேர் கேக்கறதில்லீங்க.”

“சட்டைப்பையில ஒரு கடைக் காகிதம் மடிச்சு வச்சிருக்கார். நோதோ பக்கம். அங்க விசாரிச்சா யாராச்சும் வந்து சாம்பலை வாங்கிப்பாங்களான்னு பாக்கறோம்.”

ஒரு சொல் போதும், அவர் ஊர்க் கல்லுக்கு அடியிலேயே போய்ச் சேரலாம். அதே சொல்லில் ஒரு வீடு உடையும்.

“அது நான் குடுத்ததுங்க,” என்றேன். “யாரோ ஊருக்குப் போய்ட்டு வந்தப்ப வாங்கிட்டு வந்தது. அந்த ஆளுக்கும் நோதோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“எப்படித்தான் கூப்பிடுவீங்க அவரை?”

“பூச்சு வேலைக்காரர்னு.”

அவர் எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

அந்த ஆகஸ்டில் ஓபோன் பலகைக்குப் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சரும் உதவிக்கு வந்து மைக்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். தூரிகையை நனைத்துப் பூச்சு வேலைக்காரர் என்று எழுதினேன். இது யாரு அக்கா, நிஜப் பேரு தெரியலையா என்று மெதுவாகக் கேட்டாள். தெரியாது என்றேன். இந்த முறை எழுத்து கோணவில்லை.