பூ வைத்த லாரி

"நீ உள்ளயே இரு, இளவேனிலு. வண்டி கெளம்புற நேரத்துல உன் மூஞ்சி யார் கண்ணுலயும் படக்கூடாது" என்று மாமியார் அன்னம்மாள் வாசல் கதவைப் பாதி சாத்தினாள்.

இளவேனில் கதவிடுக்கில் பார்த்தாள். ஈஜிபுரா தெருவை அடைத்துக்கொண்டு நின்றது அந்த லாரி. இரண்டு மாதத்துக்கு முன் ஓசூர் ரோட்டில் தடுப்புச்சுவரில் மோதி, அவள் புருஷன் தணிகையை முன்கண்ணாடி வழியாக வெளியே எறிந்த அதே லாரி. கேபினுக்குள் ஒரு நசுங்கல்கூட இல்லை. பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று போலீஸ்காரரே சொன்னார். போடுவதற்கு பெல்ட் எங்கே இருந்தது? சிவப்பு வெல்வெட் சீட்டின் அழகைக் கெடுக்கிறதென்று முதலாளி கோவிந்தப்பா இரண்டையும் என்றோ அறுத்துப் போட்டிருந்தார்.

பழி மட்டும் இவள் தலையில். இவள் ராசி சரியில்லையாம். இவள் பூ வைக்கக் கூடாது என்றவர்கள், ஆளைக் கொன்ற லாரிக்கு முழம் முழமாகச் சாத்தியிருந்தார்கள். இதற்கு மூளை என்று பெயர் வேறு!

இன்று அதை ஓட்டப்போவது கொழுந்தன் ஹரிஷ். அவள் சொல்லி, நேற்றே முதலாளியிடம் பெல்ட் கேட்டுப் பார்த்தான்.

"பயந்தவனுக்குத்தாண்டா பெல்ட்டு. நம்ம வண்டிக்கு சாமி இருக்கு" என்று சிரித்தாராம்.

அந்த மாவீரர் இப்போது கற்பூரம் காட்டினார்; சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஹரிஷ் இஞ்சினைக் கிளப்பினான். இளவேனில் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் தள்ளி, லாரிக்கு நேர் முன்னால் தெருவைக் கடந்தாள்.

"நிறுத்துடா!" கோவிந்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது. தாலியறுத்தவளும் காலிக் குடமும் சேர்ந்து எதிரே வந்தால் சும்மாவா? கால்மணி நேரம் காத்திருந்து, மறுபடி கற்பூரம் ஏற்றினார். வண்டி உறுமியதும் அவள் மறுபடி குறுக்கே வந்தாள்.

"குடியக் கெடுக்க வந்தவளே!" என்று அன்னம்மாள் கத்தினாள்.

"ஒரு புள்ளய வாரிக் குடுத்தது போதாதா அத்தே?"

மூன்றாம் தடவை முதலாளியே அவளிடம் வந்தார். "ஏனம்மா இது? லோடு ஏத்த நேரமாச்சு. உனக்கு என்னதான் வேணும்?"

"பெல்ட்டு. அத மாட்டுற வரைக்கும் நான் தண்ணிக்குப் போய்ட்டு வந்துட்டுத்தான் இருப்பேன், மொதலாளி."

ஒரு சாவுக்குப் பயப்படாத மனிதர் காலிக் குடத்துக்குப் பயந்தார். ஃபோனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"ரெண்டு சீட்டுக்கும் பெல்ட்டு எடுத்துட்டு வாப்பா... இல்லப்பா, வண்டிக்கு ஏதோ தோஷம். அது போட்டாத்தான் கழியுமாம்."

மெக்கானிக் வந்து கடைசி போல்ட்டை முறுக்கும்வரை இளவேனில் லாரிக்கு முன்னாலேயே நின்றாள். ஹரிஷ் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். அப்புறம்தான் அவள் வழிவிட்டாள்.